ஓடும் சர்வரை நிறுத்தாமல் பேக்கப்: ஸ்னாப்ஷாட் எதைத் தரும், எதைத் தராது

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாடி, முப்பது பில்லிங் கவுண்டர், எல்லாவற்றுக்கும் ஒரே சர்வர். அதில் இருக்கும் டேட்டா 900 ஜிபி. விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தால் 9,000 விநாடி பிடிக்கும், அதாவது இரண்டரை மணி நேரம். இரவு 8:30க்கு நகலெடுப்பைத் தொடங்குகிறார்கள். சரக்கு இருப்பு எழுதப்பட்ட கோப்பு 8:40க்கே நகலாகிவிடுகிறது. 9 மணிக்கு ஒரு கல்யாண வீட்டார் நாற்பது புடவை எடுத்து பில் போடுகிறார்கள். பில் கோப்பின் முறை வருவது 10 மணிக்கு. கடைசியில் கையில் கிடைக்கும் நகலில் பில்லும் இருக்கிறது, விற்றுப்போன நாற்பது புடவையும் இருப்பில் இருக்கின்றன. கடையின் கணக்கு எந்த நொடியிலும் இப்படி இருந்ததில்லை. ஒரே பெரிய டேட்டாபேஸ் கோப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கோப்பின் முன்பாதி ஒரு நேரத்தையும் பின்பாதி வேறொரு நேரத்தையும் காட்டும். டேட்டாபேஸ் அதைத் திறக்கவே மறுக்கலாம்.

சர்வரை இரண்டரை மணி நேரம் நிறுத்தினால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஆனால் நிறுத்த முடியாத இடங்கள்தான் இன்று அதிகம். ஸ்னாப்ஷாட் அதற்காகத்தான் வந்தது. வால்யூமில், அதாவது ஒரு டிஸ்க்குபோல நடத்தப்படும் சேமிப்புப் பகுதியில், ஒரு கணத்தை அப்படியே பிடித்து வைக்கிறது. கடை தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகலாம். நகலெடுக்கும் நிரலோ 8:30 மணி நிலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே ஒன்றை முதலிலேயே பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்னாப்ஷாட் பேக்கப் அல்ல. பேக்கப் எடுப்பதற்கான அசையாத தரை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான இழப்புகள் தொடங்குகின்றன.

உள்ளே என்ன நடக்கிறது

லினக்ஸில் எல்விஎம் என்பது டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து வால்யூம்களாகப் பிரித்துத் தரும் அடுக்கு. அதன் பழைய வகை ஸ்னாப்ஷாட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்னாப்ஷாட் உருவாகும்போது ஒரு பைட் டேட்டாகூட நகலாவதில்லை. அதனால்தான் 2 டிபி வால்யூமுக்கும் ஓரிரு விநாடியில் வேலை முடிகிறது. வால்யூம் குரூப்பில் (அப்படிச் சேர்த்த டிஸ்க்குகளின் தொகுப்பில்) காலியாக இருக்கும் இடத்திலிருந்து, நீங்கள் சொன்ன அளவுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன்பிறகு மூல வால்யூமில் ஒரு துண்டின் மேல் யாராவது எழுத வந்தால், அந்தத் துண்டின் பழைய உள்ளடக்கம் முதலில் வாசிக்கப்பட்டு ஒதுக்கிய பகுதிக்குப் போகிறது; எந்தத் துண்டு எங்கே போனது என்ற குறிப்பும் எழுதப்படுகிறது; அதற்கப்புறமே புதியது தன் இடத்தில் உட்காருகிறது. காப்பி ஆன் ரைட் என்பது இதுதான். துண்டின் அளவு இயல்பாக 4 கேபி.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். முதலாவது, ஒரு எழுத்து (டிஸ்க்கில் ஒருமுறை எழுதுவது) என்பது ஒரு வாசிப்பும் இரண்டு மூன்று எழுத்துகளுமாகப் பெருகுகிறது. சுழலும் டிஸ்க்கில் இதை பில்லிங் கவுண்டரிலேயே உணரலாம். ஒரே வால்யூமுக்கு மூன்று ஸ்னாப்ஷாட் வைத்திருந்தால் மூன்றுக்கும் தனித்தனியாக நகலெடுப்பு நடக்கும். இந்த வகையில் வாரத்துக்கு ஏழு ஸ்னாப்ஷாட்டை அடுக்கி வைப்பது சர்வரைத் தண்டிப்பதற்குச் சமம். இரண்டாவது, ஒரே துண்டை ஆயிரம் முறை மாற்றினாலும் முதல் முறைக்கு மட்டும்தான் இடம் செலவாகும். மொத்தம் எவ்வளவு எழுதினோம் என்பதைவிட, எத்தனை வெவ்வேறு இடங்களில் எழுதினோம் என்பதே கணக்கு.

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள் (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் அமைப்புகள்) வேறு வழியில் போகின்றன. அவை பழைய துண்டைத் தொடுவதே இல்லை. புதியதை வேறு இடத்தில் எழுதி, துண்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டியை மட்டும் மாற்றுகின்றன. ஸ்னாப்ஷாட் என்றால் பழைய சுட்டிகளை விடாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே, ஆகவே வேகம் அந்த அளவுக்கு அடிபடுவதில்லை. நெட்ஆப் நிறுவனம் 1990களிலேயே தன் ஸ்டோரேஜ் பெட்டிகளில் இதே அடிப்படையைக் கொண்டுவந்துவிட்டது. எல்விஎம்மிலும் தின் பூல் என்ற புது வகை இருக்கிறது; எல்லா வால்யூமும் ஸ்னாப்ஷாட்டும் ஒரே பொது இடத்திலிருந்து தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும். அதில் ஸ்னாப்ஷாட்டுக்குத் தனியாக அளவு சொல்ல வேண்டாம். ஆனால் பூல் மொத்தமாக நிரம்பினால் ஸ்னாப்ஷாட்டோடு மூல வால்யூம்களும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். எழுத்துகள் இயல்பாக 60 விநாடி காத்திருக்கும், பிறகு பிழையாகத் திரும்பும். பழைய வகையில் ஸ்னாப்ஷாட் மட்டும் சாகும், கடை தொடர்ந்து ஓடும். புதியது எல்லா வகையிலும் மேல் என்று சொல்லிவிட முடியாததற்கு இது ஒன்றே போதும்.

எவ்வளவு இடம் ஒதுக்குவது

‘மூல வால்யூமில் 10 முதல் 20 சதவீதம்’ என்ற பொது அளவு பலரும் சொல்வது. அளந்து பார்க்க முடிகிறபோது ஊகத்தை நம்ப வேண்டியதில்லை. 20 ஜிபி அளவில் ஒரு சோதனை ஸ்னாப்ஷாட் எடுத்து, பேக்கப் ஓட இருக்கும் அதே நேரத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வால்யூம்களின் நிலையைக் காட்டும் எல்விஎஸ் கட்டளையை ஓட்டி, ஸ்னாப்ஷாட் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் டேட்டா சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் 3 சதவீதம் ஏறினால் அது 600 எம்பி. இரண்டரை மணி நேரத்தில் பதினைந்து பத்து நிமிடங்கள், ஆக 9 ஜிபி. பேக்கப் நடக்கும்போது டிஸ்க்கின் சுமை கூடி நேரமும் நீளும் என்பதால் இரட்டிப்பாக்குங்கள்: 18 ஜிபி. ஆக 20 ஜிபி போதும்.

இந்தக் கணக்கு கார்த்திகை மாதச் சாதாரண செவ்வாய்க்கிழமைக்குச் சரி. ஆடித் தள்ளுபடி தொடங்கும் நாளில்? பொருள் பட்டியல் முழுக்க விலையைப் பத்து சதவீதம் குறைக்கும் ஒரே ஒரு கட்டளை அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் தொடும். இண்டெக்ஸை (தேடலை வேகப்படுத்தும் பட்டியலை) மறுபடி கட்டுவது, பெரிய அட்டவணையின் அமைப்பை மாற்றுவது, பழைய ஆண்டுக் கணக்கைப் பிரித்து வைப்பது என எல்லாமே இப்படித்தான். ஆண்டு முழுதும் நிரம்பாத ஸ்னாப்ஷாட் அன்று அரை மணியில் நிரம்பிவிடும். நிரம்பிய கணமே அது செல்லாததாகிவிடுகிறது. பாதி நிரம்பிய பாத்திரம்போல மீதியாவது கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, மொத்தமும் போய்விடும். மிகவும் பேக்கப் தேவைப்படும் நாளில் பேக்கப் இல்லாமல் போவது இப்படித்தான்.

எல்விஎம் தானாகவே ஸ்னாப்ஷாட்டை நீட்டிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அமைப்புக் கோப்பில் அதன் தொடக்க வரம்பு 100 என்று வைக்கப்பட்டிருக்கும். அதற்கு அர்த்தம் ‘ஒருபோதும் நீட்டாதே’. அதை 70 என்று மாற்றி, நீட்டிப்பு அளவை 20 என்றே விட்டால், 70 சதவீதம் நிரம்பும்போதெல்லாம் அப்போதைய அளவில் ஐந்தில் ஒரு பங்கு கூடும். கண்காணிக்கும் பின்னணிச் சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். வால்யூம் குரூப்பில் காலி இடமும் இருக்க வேண்டும்.

அந்தக் காலி இடம்தான் பல இடங்களில் இல்லை. சர்வர் அமைக்கும் அன்றே டிஸ்க் முழுவதையும் வால்யூமுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்க வேண்டுமானால் அன்மவுண்ட் செய்தாக வேண்டும், அதாவது சர்வரின் பயன்பாட்டிலிருந்து கழற்ற வேண்டும். இன்னொரு வகையான எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்கலாம் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. எளிய தீர்வு, ரிச்சி தெருவில் ஒரு நல்ல எஸ்எஸ்டி வாங்கி சர்வருக்குள்ளேயே பொருத்தி, வால்யூம் குரூப்பில் சேர்த்து, ஸ்னாப்ஷாட் அந்த டிஸ்க்கில்தான் உருவாக வேண்டும் என்று கட்டளையிலேயே குறிப்பிடுவது. பழைய துண்டுகள் வேறு டிஸ்க்குக்குப் போவதால் மூல டிஸ்க்கின் சுமையும் குறையும். யூஎஸ்பி டிஸ்க்கை இதற்குச் சேர்க்காதீர்கள். குரூப்பில் ஓர் உறுப்பாகிவிட்ட டிஸ்க்கை யாரோ பிடுங்கிக்கொண்டு போனால், சர்வர் அடுத்த முறை தொடங்கும்போது அந்தக் குரூப் முழுதாக எழாமல் தகராறு செய்யும்.

டேட்டாபேஸை எப்படி நிற்க வைப்பது

மவுண்ட் ஆகியிருக்கும் எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் வால்யூமில் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது, எல்விஎம் அந்த ஃபைல் சிஸ்டத்தை ஒரு கணம் உறைய வைத்து, நினைவகத்தில் நிற்பதை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டுத்தான் எடுக்கிறது. ஆக ஃபைல் சிஸ்டம் ஒழுங்காக இருக்கும். டேட்டாபேஸ் தன் சொந்த நினைவகத்தில் வைத்திருப்பது இதில் வராது. அதன் பார்வையில் ஸ்னாப்ஷாட் என்பது மின்சாரம் பட்டென்று போன கணம்.

நல்ல டேட்டாபேஸ் அதற்குத் தயாராகவே இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் இயல்பான சேமிப்பு வகையான இன்னோடிபியின் அட்டவணைகளும் அதன் லாக் கோப்புகளும் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவுகள்) ஒரே வால்யூமில் இருந்தால், பூட்டு எதுவும் போடாமல் எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்தும் மைஎஸ்க்யூஎல் மீண்டெழும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸும் அப்படியே. டேட்டா ஒரு வால்யூமிலும் லாக் இன்னொரு வால்யூமிலும் இருந்தால் கதை மாறுகிறது. இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு நடுவில் அரை விநாடி இடைவெளி இருந்தாலும் மீட்பு பொய்த்துப்போகலாம். வேகத்துக்காக லாக்கைத் தனி எஸ்எஸ்டியில் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லில் வழி இது. எழுத்துகளை நிறுத்தும் ‘ஃப்ளஷ் டேபிள்ஸ் வித் ரீட் லாக்’ என்ற பூட்டுக் கட்டளையைக் கொடுத்து, மாற்றங்களின் வரிசைப் பதிவான பைனரி லாக் எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, ஸ்னாப்ஷாட் எடுத்து, பூட்டைத் திறக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் கவுண்டரில் இரண்டு மூன்று விநாடி தயக்கம் மட்டுமே தெரியும். அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டில் பூட்டுக் கட்டளையை ஒரு வரியாகவும் ஸ்னாப்ஷாட்டை அடுத்த வரியாகவும் எழுதுவது. முதல் வரி முடிந்ததும் அந்த இணைப்பு அறுந்துவிடும், பூட்டும் கூடவே போய்விடும். ஸ்னாப்ஷாட் எடுக்கிறபோது பூட்டே இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. இணைப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் கிளையண்டுக்குள்ளிருந்தே ‘சிஸ்டம்’ கட்டளை மூலம் ஸ்னாப்ஷாட்டை எடுக்கலாம்.

இன்னொன்று. யாரோ ஒருவர் மூன்று மாத விற்பனை அறிக்கையை ஓட்டிக்கொண்டிருந்தால், பூட்டு அது முடியும்வரை காத்திருக்கும். அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒவ்வொரு பில்லும் வரிசையில் நிற்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கான ‘லாக் வெயிட் டைம்அவுட்’ மதிப்பு இயல்பாக 3,15,36,000 விநாடி, அதாவது ஒரு வருடம். பேக்கப் இணைப்பில் மட்டும் அதை 30 என்று வையுங்கள். முப்பது விநாடியில் பூட்டு கிடைக்கவில்லை என்றால் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் கழித்து மறுபடி முயல்வது, கடையை நிறுத்தி வைப்பதைவிட மேல்.

போஸ்ட்கிரெஸ்ஸில் வால்யூம்கள் பிரிந்திருந்தால் ‘பிஜி பேக்கப் ஸ்டார்ட்’, ‘பிஜி பேக்கப் ஸ்டாப்’ என்ற இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் ஸ்னாப்ஷாட்டுகளை எடுக்க வேண்டும். 15ஆம் பதிப்பில்தான் இந்தப் பெயர்கள் வந்தன. இணையத்தில் கிடைக்கும் பழைய ஸ்கிரிப்டுகள் பழைய பெயரோடு தோல்வியடையும். இங்கேயும் இணைப்பு நடுவில் அறுபடக் கூடாது. இரண்டாவது அழைப்பு திருப்பித் தரும் லேபிள் உரையை நகலோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். இரண்டு அழைப்புகளுக்கும் இடையில் உருவான லாக் கோப்புகளும் வேண்டும்.

மவுண்ட், நகல், நீக்கம்

எக்ஸ்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டை மவுண்ட் செய்யப் போனால் ‘தவறான ஃபைல் சிஸ்டம் வகை’ என்பது போன்ற செய்தி வந்து பயமுறுத்தும். உண்மைக் காரணம் கெர்னல் லாக்கில்தான் (இயங்குதளத்தின் பதிவில்தான்) இருக்கும்: மூலத்துக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் ஒரே அடையாள எண். ‘நோயூயுஐடி’ விருப்பத்தைச் சேர்த்தால் சரியாகும். ஸ்னாப்ஷாட்டையே வாசிக்க மட்டும் என்று உருவாக்கியிருந்தால் ‘நோரிகவரி’யும் வேண்டும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் இந்த விளையாட்டே கூடாது. அதன் கீழே எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்தால் ஒரே அடையாளமுள்ள இரண்டு டிஸ்க்குகளையும் அது ஒன்றாகக் குழப்பி, மூலத்தையே கெடுத்துவிட வாய்ப்புண்டு. அதற்கென்று இருக்கும் சொந்த ஸ்னாப்ஷாட்டையே பயன்படுத்துங்கள்.

நகல் முடிந்ததும் அன்மவுண்ட் செய்து ஸ்னாப்ஷாட்டை உடனே நீக்கிவிட வேண்டும். நீக்காமல் போவது பெரும்பாலும் ஸ்கிரிப்ட் நடுவில் செத்துப்போவதால். சென்னையில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை மின்சாரம் நிறுத்துவார்கள். ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இடைவெளியில் பழைய யூபிஎஸ் கைவிட்டால் சர்வர் விழும். எழும்போது ஸ்கிரிப்ட் இருக்காது, ஸ்னாப்ஷாட் இருக்கும், ஏனென்றால் எல்விஎம் ஸ்னாப்ஷாட் ரீபூட்டைத் தாண்டி உயிரோடிருக்கும். அதுமுதல் ஒவ்வொரு எழுத்தும் மெதுவாகும், காரணம் யாருக்கும் தெரியாது. சர்வர் தொடங்கும்போது மவுண்ட் செய்வதற்கு அடையாள எண்ணைப் பயன்படுத்தியிருந்தால், மூலத்துக்குப் பதில் ஸ்னாப்ஷாட்டே மவுண்ட் ஆகிவிடும் அபாயமும் உண்டு. எல்விஎம் பாதையை நேரடியாக எழுதிவிடுவது பாதுகாப்பு.

இதைவிடச் சத்தமில்லாத விபத்து ஒன்று இருக்கிறது. நேற்றைய ஸ்னாப்ஷாட் நீக்கப்படவில்லை, மவுண்டும் அப்படியே இருக்கிறது. இன்று அதே பெயரில் புதியது உருவாகாது. ஸ்கிரிப்ட் அந்தப் பிழையைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போனால், நேற்றைய நிலையையே மறுபடி நகலெடுத்து ‘வெற்றி’ என்று மெயில் அனுப்பும். இப்படி வாரக்கணக்கில் ஒரே நாளின் பேக்கப் சேர்ந்துகொண்டிருக்கும். தடுப்பது எளிது. ஸ்னாப்ஷாட்டுக்குச் சற்று முன் வால்யூமில் ஒரு சிறு கோப்பில் அப்போதைய தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். பேக்கப் முடிந்ததும் நகலிலிருந்து அந்தக் கோப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் அந்த நகல் இன்றையது அல்ல. கூடவே, நகல் முடிந்தபின் ஸ்னாப்ஷாட் இன்னும் செல்லுபடியாகிறதா என்றும் எல்விஎஸ்ஸில் பார்த்துவிட்டே நீக்க வேண்டும். கோப்புகளைக் கட்டாக்கும் டார் நிரலின் வெளியீட்டை, சுருக்கும் ஜிசிப் நிரலுக்கு அனுப்பும் வரியில் ‘பைப்ஃபெயில்’ (நடுவில் எது தோற்றாலும் பிழை சொல்லும் அமைப்பு) போடாவிட்டால், டார் பாதியில் தோற்றாலும் ஜிசிப்பின் வெற்றி மட்டுமே வெளியே தெரியும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘இரவு 2 மணி’ என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பழைய மகாபலிபுரம் சாலையில் அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் அலுவலகங்களுக்கு நம் இரவுதான் உச்ச நேரம். அமைதி விடியற்காலையில்தான் வரும். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அங்கே 2 மணி என்று எழுதினால் அது நமக்குக் காலை 7:30. நள்ளிரவு என்று எழுதிய தினசரி வேலைகளெல்லாம் நமக்கு 5:30க்குத் தொடங்கும்.

விண்டோஸ், விர்ச்சுவல் மெஷின், கிளவுட்

விண்டோஸில் இந்த வேலையைச் செய்வது விஎஸ்எஸ் என்ற சேவை. சர்வர் 2003 காலத்திலிருந்து இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் போன்ற நிரல்கள் தங்களுக்கென ‘ரைட்டர்’ வைத்திருக்கின்றன. அவற்றைச் சற்று நிறுத்தச் சொல்லி, வால்யூமுக்கான எழுத்துகளை அதிகபட்சம் 10 விநாடி பிடித்து வைத்து, அந்த இடைவெளியில் நிழல் நகல் (விண்டோஸில் ஸ்னாப்ஷாட்டின் பெயர்) உருவாகிறது. பேக்கப் தோற்றால் முதலில் பார்க்க வேண்டியது ரைட்டர்களின் பட்டியல். ஒன்று பிழை நிலையில் நின்றாலும் அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்யாமல் தீராது. நிழல் நகலுக்கான இடம் எழுத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து வளராவிட்டால் விண்டோஸ் நிழல் நகல்களை நீக்கிவிடும்.

விர்ச்சுவல் மெஷினில் (ஒரே கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி), அதை வெளியே இருந்து ஓட்டும் ஹைப்பர்வைசருக்கு உள்ளே நடப்பது தெரியாது. உள்ளே விருந்தினர் ஏஜென்ட் என்ற உதவி நிரலை நிறுவியிருந்தால் மட்டுமே உள்ளிருக்கும் ஃபைல் சிஸ்டம் உறைய வைக்கப்படும். இத்துறையின் விஎம்வேர் நிறுவனம் தன் ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், சங்கிலியில் இரண்டு மூன்றைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஆறு மாதப் பழைய ஸ்னாப்ஷாட்டை நீக்கப் போய், ஒன்றிணைப்பு முடியும்வரை மெஷின் திணறுவதைப் பார்த்தால் ஏனென்று புரியும்.

அமேசான் கிளவுடின் வால்யூம் சேவையான ஈபிஎஸ்ஸின் ஸ்னாப்ஷாட் வேறு இனம். கட்டளை கொடுத்த கணத்தின் நிலை பிடிக்கப்பட்டு, மாறிய துண்டுகள் மட்டும் வால்யூமுக்கு வெளியே எஸ்3 கிடங்குக்குப் போகின்றன. வால்யூம் செத்தாலும் இது பிழைக்கும். ஆனால் அதிலிருந்து உருவாக்கிய புது வால்யூமில் ஒவ்வொரு துண்டும் முதல்முறை தொடும்போதுதான் இறங்கும். ‘மீட்டுவிட்டோம்’ என்று கடையைத் திறந்த முதல் சில மணி நேரம் பில்லிங் ஊர்வது அதனால்தான்.

டிஸ்க்கை விட்டு, கட்டடத்தை விட்டு

எல்விஎம் ஸ்னாப்ஷாட்டில் இருப்பது மாறிய துண்டுகளின் பழைய வடிவம் மட்டுமே. மாறாத மீதி 95 சதவீதத்துக்கும் அது மூல வால்யூமையே நம்பியிருக்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் ஒன்றாகப் போகும். டேட்டாவைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் நுழைந்தால் விண்டோஸின் நிழல் நகல்களை அழிப்பது அதன் முதல் வேலைகளில் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளங்களுக்குள் வந்தபோது, மாடிப்படிக்குக் கீழே இருந்த சர்வரும் அதன் பக்கத்து அலமாரியில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒரே தண்ணீரில் நிற்கும் நிலை. கிளவுடிலும் இதே கேள்வி உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஸூரின் தென்னிந்திய மண்டலம் சென்னையில்தான் இருக்கிறது. சர்வர் நம் அலுவலகத்திலும் பேக்கப் அங்கும் என்றால் இரண்டும் ஒரே ஊர்.

நிறுவனமாகப் பதிவு செய்தவர்களுக்கு இது சட்டமும்கூட. கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் இருக்க வேண்டும். முன்பு ‘அவ்வப்போது’ என்றிருந்தது ‘தினமும்’ ஆனது. மூல வால்யூமையே நம்பி நிற்கும் ஸ்னாப்ஷாட்டைக் காட்டி இதைச் செய்துவிட்டோம் என்று சொல்ல வழியில்லை.

வெளியே அனுப்பும் முன் மீட்கும் நேரத்தையும் கணக்கிடுங்கள். 900 ஜிபியை 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி) இணைப்பில் இறக்க 72,000 விநாடி, அதாவது இடைவிடாமல் 20 மணி நேரம். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. எனவே இரண்டு இடம் வேண்டும். கிளவுடில் ஒன்று, தாம்பரத்திலோ போரூரிலோ இருக்கும் கிளையின் முதல் மாடியில் இன்னொன்று. முதல் முழு நகலை டிஸ்க்கிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டால், அதன்பின் அன்றாடம் மாறியதை மட்டும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலைக் கொண்டோ, இசட்எஃப்எஸ் என்றால் இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடைப்பட்ட வித்தியாசத்தையோ அனுப்பினால் போதும். மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து வேறொரு கணினியில் டேட்டாபேஸை எழுப்பி, கடைசி பில்லின் எண்ணையும் அந்தப் பொருளின் இருப்பையும் கவுண்டரில் அச்சான பில்லோடு வைத்துப் பாருங்கள்.